"ஒரிஜினல் லென்ஸா?" எண்டு கேட்கிறதை விடுவம்

பழைய பிலிம் கமெரா ஒன்றைக் கழுத்தில் கொழுவிக்கொண்டு திரிந்தால், விசயம் தெரிந்த ஒருவர் கிட்ட வந்து கேட்கிற முதல் கேள்வி அநேகமாக இதுதான்: "உது ஒரிஜினல் லென்ஸா?" என்ன படம் எடுக்கிறீங்கள், எப்படி வருகுது என்பதெல்லாம் பிறகு. கமெராவின் நெற்றியில் ஒரு பெயரும் லென்ஸின் வளையத்தில் வேறொரு பெயரும் இருந்தால், கேட்டவரின் முகத்தில் ஒரு இரக்கம் வரும். "பரவாயில்லை, பழகிறதுக்கு இது காணும்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

இந்தக் கேள்வி பிழையான கேள்வி என்பதுதான் எங்கட கட்சி. குறிப்பாக ரேஞ்ச்பைண்டர் கமெராக்களில் இது மிகப் பிழையான கேள்வி. அந்தக் கமெராக்களின் வரலாறே ஒரு கம்பனியின் உடலில் இன்னொரு கம்பனியின் கண்ணை மாட்டிய வரலாறுதான். அதேநேரம் மறுபக்கத்தில் நிற்கிற ஆக்களோடும் எங்களுக்கு ஒத்துவராது. "எதையும் எதிலும் மாட்டலாம், மங்கலாக வந்தாலும் அது பழைய லென்ஸின் அழகு" என்று சொல்லுகிறவர்களைச் சொல்லுகிறோம். இரண்டு பக்கமும் ஒரே விசயத்தைத்தான் தவறவிடுகுது. கேட்க வேண்டியது லென்ஸ் யாருடையது என்றில்லை. இந்த லென்ஸும் இந்தக் கமெராவும் தூரத்தை ஒரே மாதிரி அளக்குதா என்பதுதான்.

நாங்கள் கலைப்பீட ஆக்கள். விஞ்ஞானத்தைச் சாதாரணதரத்தோட விட்டவர்கள். எங்களுக்கே விளங்கினது உங்களுக்கும் விளங்கும் என்ற நம்பிக்கையில் முதலில் இந்தக் கமெரா எப்படி வேலை செய்யுது என்று சொல்லுவம்.

சாதாரண எஸ்எல்ஆர் கமெராவில் நாங்கள் லென்ஸுக்குள்ளாலேயே பார்க்கிறோம். லென்ஸ் மங்கலாகக் காட்டினால் எங்கட கண்ணுக்கும் மங்கல். கூர்மை பிழைத்தால் உடனே தெரிந்துவிடும். ரேஞ்ச்பைண்டரில் அப்படியில்லை. பார்க்கிற சாளரம் வேறு, படம் எடுக்கிற லென்ஸ் வேறு. சாளரத்தின் நடுவில் ஒரே பொருளின் இரண்டு உருவங்கள் தெரியும். லென்ஸின் வளையத்தைத் திருப்பத் திருப்ப அவை நெருங்கிவந்து ஒன்றன்மேல் ஒன்றாக விழும். விழுந்த இடத்தில் கூர்மை சரி என்று அர்த்தம். இது எப்படி நடக்குது? லென்ஸ் முன்னுக்கும் பின்னுக்கும் நகரும்போது அதன் பின்விளிம்பு கமெராவுக்குள் இருக்கிற ஒரு சின்ன நெம்புகோலைத் தள்ளுது. அந்த நெம்புகோல் உள்ளே இருக்கிற கண்ணாடியையோ கண்ணாடித் துண்டையோ அசைக்குது. அவ்வளவுதான். லென்ஸ் இவ்வளவு நகர்ந்தால் பொருள் இவ்வளவு தூரத்தில் இருக்கு என்று இரண்டு இரும்புத் துண்டுகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒரு உடன்படிக்கை.

ஆகவே ரேஞ்ச்பைண்டரில் லென்ஸ் பொய் சொன்னால் சாளரத்தில் தெரியாது. உருவங்கள் வடிவாகப் பொருந்தியிருக்கும். பிலிம் கழுவி வந்த பிறகுதான் முகத்துக்குப் பதிலாகப் பின்னால் நின்ற மதில் கூர்மையாக இருக்கிறது தெரியும். இந்தக் கட்டுரையில் நாங்கள் சொல்லப்போகிற எல்லாம் இந்த ஒரு விசயத்தில்தான் நிற்குது.

இப்ப "ஒரிஜினல்" என்ற சொல்லுக்கு வருவம். லைக்கா என்றவுடன் எங்கட ஆக்கள் கனபேருக்குப் படம் தயாரிக்கிற கம்பனிதான் ஞாபகம் வரும். இது ஜேர்மனியின் வெற்ஸ்லர் நகரில் மைக்ரோஸ்கோப் செய்துகொண்டிருந்த லைற்ஸ் கம்பனியின் கமெரா. 1925இல் சந்தைக்கு வந்தபோது அதன் லென்ஸைக் கழற்ற முடியாது. 1930இல்தான் திருகிக் கழற்றக்கூடிய மாதிரி வந்தது. 39 மில்லிமீற்றர் விட்டம், ஒரு அங்குலத்துக்கு 26 திருகு. ஆனால் அந்த முதல் கமெராக்களில் ஒரு வேடிக்கை இருந்தது. மௌண்டுக்கும் பிலிமுக்கும் இடையிலான தூரம் கமெராவுக்குக் கமெரா கொஞ்சம் வேறுபட்டது. அதனால் ஒவ்வொரு லென்ஸையும் தொழிற்சாலையிலேயே குறிப்பிட்ட ஒரு கமெராவுக்கென்று பொருத்திக் கொடுத்தார்கள். ஒரு லைக்காவின் லென்ஸைக் கழற்றி இன்னொரு லைக்காவில் மாட்டினால் கூர்மைக்கு உத்தரவாதமில்லை. 1931இல்தான் அந்தத் தூரம் 28.8 மில்லிமீற்றர் என்று நிலைப்படுத்தப்பட்டது. அப்படி நிலைப்படுத்திய மௌண்டில் "0" என்று ஒரு குறி போட்டார்கள்.

இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ. ஒரே கம்பனி, ஒரே ஊர், ஒரே தொழிற்சாலை. முழுக்க முழுக்க ஒரிஜினல். ஆனாலும் அளவு ஒத்துப்போகவில்லை. அந்த "0" குறி வந்த பிறகுதான் லைக்கா லென்ஸ் எந்த லைக்காவுக்கும் சரிவந்தது. பெயர் அந்தப் பொருத்தத்தைக் கொடுக்கவில்லை; ஒத்துக்கொண்ட ஒரு அளவு கொடுத்தது. 1932இல் லைக்கா 2 வந்து, லென்ஸோடு இணைந்த ரேஞ்ச்பைண்டரும் உள்ளே வந்தபோது, அந்த உடன்படிக்கை இன்னும் இறுக்கமானது.

ஒரு அளவு நிலையாகிவிட்டால் அதைப் பிறரும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டார்கள். முதலில் எடுத்தவர்களில் ஒரு கூட்டத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேணும். இன்று உக்ரேனில் இருக்கிற கார்கிவ் நகரில், வீதியில் அநாதையாகத் திரிந்த பிள்ளைகளுக்காக நடத்தப்பட்ட ஒரு கொம்யூன் இருந்தது. கல்வியாளர் அன்ரன் மக்கரென்கோ அதை நடத்தினார். அங்கிருந்த இளையவர்கள் லைக்காவைக் கழற்றிப் பார்த்து அதைப் போலவே ஒன்றைச் செய்தார்கள். 1934இல் தொடர் உற்பத்தி தொடங்கியது. கமெராவின் பெயர் ஃபெட். சோவியத் இரகசியப் பொலிஸை உருவாக்கிய பெலிக்ஸ் எட்முண்டோவிச் டிசர்ஜின்ஸ்கியின் முதலெழுத்துகள் அவை. அந்தப் பெயரின் பாரம் வேறு கதை. ஆனால் எங்கட வயதுக்கும் குறைந்த பிள்ளைகள் அக்காலத்தின் மிக நுட்பமான கமெராவைக் கையால் திரும்பச் செய்ததை "கொப்பி" என்ற ஒரு சொல்லால் தள்ளிவிட எங்களுக்கு மனம் வரவில்லை.

யப்பானில் நடந்தது இன்னும் சுவாரசியம். 1936இல் வந்த ஹன்சா கெனன்தான் கெனன் கம்பனி சந்தைக்கு விட்ட முதல் கமெரா. அதில் இருந்த லென்ஸ் கெனனுடையது இல்லை. அது நிக்கோர். நிப்பொன் கோகக்கு என்ற கம்பனி செய்தது. பின்னாளில் நிக்கோன் என்று நாங்கள் அறிகிற அதே கம்பனி. இன்று கெனனா நிக்கோனா என்று பொடியள் மணித்தியாலக் கணக்கில் சண்டை பிடிக்கினம். கெனனின் முதல் கமெராவுக்குக் கண் கொடுத்ததே நிக்கோன்தான். அந்தக் கமெராவைப் பிடித்துக்கொண்டு "ஒரிஜினல் லென்ஸா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்லுறது?

இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனி தோற்ற பிறகு அதன் காப்புரிமைகள் வென்ற நாடுகளில் செல்லாமல் போயின. 39 மில்லிமீற்றர் திருகு திறந்த வீடு மாதிரி ஆனது. பிரித்தானியாவில் ரீட், சோவியத்தில் ஃபெட், சோர்க்கி, யப்பானில் கெனன் உட்படக் கன கம்பனிகள் அந்தத் திருகோடு கமெரா செய்தன. அதைவிடக் கனபேர் அந்தத் திருகோடு லென்ஸ் செய்தார்கள். இன்று பழைய லென்ஸ் தேடுகிறவர்கள் தேடுவதில் பெரும்பங்கு அந்தக் காலத்துச் சரக்குத்தான்.

இந்தக் கலப்பின் மிகப் பெரிய சாட்சி 1950இல் நடந்தது. லைஃப் சஞ்சிகையின் படப்பிடிப்பாளர் டேவிட் டக்ளஸ் டங்கன் அப்போது ரோக்கியோவில் இருந்தார். யப்பானியப் படப்பிடிப்பாளர் ஜுன் மிக்கி 85 மில்லிமீற்றர் எஃப்/2 நிக்கோர் லென்ஸால் டங்கனைப் படம் எடுத்துக் காட்டினார். அந்தப் படத்தின் கூர்மையைப் பார்த்த டங்கன் நிப்பொன் கோகக்கு தொழிற்சாலைக்கே போய் லென்ஸ்களைச் சோதித்துப் பார்த்தார். அந்த வருடம் யூன் மாதம் கொரியப் போர் தொடங்கியது. டங்கன் போர்முனைக்குப் போனது லைக்கா கமெராக்களோடு. அவற்றில் மாட்டியிருந்தது நிக்கோர் லென்ஸ்கள். யப்பான் சாமான் என்றால் மலிவுப் போலி என்று மேற்கு நாடுகள் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த எண்ணத்தை மாற்றியதில் வேறொருவருடைய உடலில் மாட்டிய அந்த லென்ஸ்களுக்குப் பெரிய பங்கு இருக்கு.

டங்கன் "ஒரிஜினலா?" என்று கேட்கவில்லை என்பதை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் விளங்கும். அவர் சோதித்துப் பார்த்தார் என்பது மற்றப் பாதி. எங்கட கட்டுரையின் இரண்டாம் பாதியும் அதுதான்.

திருகு ஒன்றாக இருந்தால் எல்லாம் ஒன்றாகிவிடாது. கெனனே தன் ஆரம்பத் திருகு மௌண்டில் 39 மில்லிமீற்றர் விட்டத்தை எடுத்தது. ஆனால் அங்குலத்துக்கு 26 திருகு இல்லை, 24. பார்வைக்கு ஒன்று, கைக்கு வேறு. பலவந்தமாகத் திருகினால் இரண்டும் பழுது. ஆரம்பகால ஃபெட்களிலும் முதல் லைக்காக்களின் கதைதான்: லென்ஸும் உடலும் சோடியாகப் பொருத்தப்பட்டவை, சோடியைப் பிரித்தால் கூர்மை போகும்.

எங்கட வயது ஆக்கள் கூடுதலாகத் தேடுகிற சோவியத் ஜுப்பிட்டர் லென்ஸ்களின் கதை இன்னும் நுட்பமானது. ஜுப்பிட்டர் 8 என்பது 50 மில்லிமீற்றர், எஃப்/2. அதன் மூலம் சைஸ் கம்பனிக்காக லூட்விக் பெர்ட்டெலே வடிவமைத்த சொனார். சைஸ் லைக்காவின் பரம போட்டியாளர். 1932இல் கொன்டாக்ஸ் என்ற கமெராவை லைக்காவுக்கு எதிராகவே இறக்கியது. போருக்குப் பிறகு கொன்டாக்ஸின் தொழில்நுட்பம் சோவியத்துக்குப் போனது. கீவ் நகரின் ஆர்சனல் தொழிற்சாலையில் அது கீவ் கமெராவாக மறுபிறவி எடுத்தது. அதே லென்ஸை லைக்காத் திருகிலும் வார்த்து சோர்க்கி கமெராக்களுக்குக் கொடுத்தார்கள். அதாவது ஒரு லைக்காவில் ஜுப்பிட்டர் 8ஐ மாட்டினால், லைக்காவின் உடலில் அதன் எதிராளியின் கண், சோவியத் தொழிலாளி கையால் செய்தது. கேட்க நல்லாத்தான் இருக்கு. பிரச்சினை அளவில் கிடக்குது.

50 மில்லிமீற்றர் என்று எழுதியிருக்கிற லென்ஸ் சரியாக 50 இல்லை. லைக்காவின் ரேஞ்ச்பைண்டர் 51.6 மில்லிமீற்றர் லென்ஸை அடிப்படையாக வைத்து அமைந்தது. கொன்டாக்ஸின் அளவு அதைவிடச் சற்றுக் கூட, 52ஐத் தாண்டும். ஜுப்பிட்டர் அந்தக் கொன்டாக்ஸ் வழியில் வந்தது. தூரத்து மரத்தைப் பிடித்தால் வித்தியாசம் ஒன்றும் இல்லை. கிட்ட வரவரத்தான் விலகும். 52.4 என்று வைத்து நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு மீற்றர் தூரத்தில் இருக்கிற முகத்துக்கு இரண்டு லென்ஸும் நகரவேண்டிய அளவில் வித்தியாசம் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தலைமயிர் அளவு. ஆனால் அது முகத்தில் ஏறக்குறைய மூன்று சென்ரிமீற்றர் பின்தள்ளும். எஃப்/2இல் ஒரு மீற்றரில் கூர்மையாக இருக்கிற ஆழம் முன்னும் பின்னும் சேர்த்தே ஐந்து சென்ரிமீற்றர் அளவுதான். கண்ணுக்குப் பிடித்த கூர்மை காதுப் பக்கம் போய்விடும்.

இதே லென்ஸை எஃப்/8க்குக் குறைத்து மூன்று மீற்றரில் ஒரு ஆளைப் பிடித்தால் கூர்மையின் ஆழம் ஒன்றரை மீற்றரைத் தாண்டும். பிழை அதுக்குள்ள அமுங்கிப் போகும். அதனால்தான் ஒருவர் "ஜுப்பிட்டர் அருமை" என்பார், இன்னொருவர் "குப்பை" என்பார். இருவரும் உண்மைதான் சொல்லுகினம். ஒருவர் வெயிலில் தெரு எடுத்தவர். மற்றவர் மங்கின வெளிச்சத்தில் கிட்ட நின்று முகம் எடுத்தவர்.

நிக்கோனின் பழைய ரேஞ்ச்பைண்டர்களுக்கும் கொன்டாக்ஸுக்கும் இடையிலும் இதே சிக்கல். நிக்கோன் தன் மௌண்டின் வெளித் தோற்றத்தைக் கொன்டாக்ஸிடமிருந்து எடுத்தது. அளக்கிற முறையை லைக்காவின் வழியில் வைத்தது. ஒன்றின் லென்ஸ் மற்றதில் வழுக்கிக்கொண்டு போய்ப் பூட்டும். 35 போன்ற அகல லென்ஸ் என்றால் பிழை தெரியாது. 85, 135 என்று போனால் கிட்டத்துப் படங்கள் எல்லாம் தப்பும். பூட்டுகிற சத்தம் கேட்டவுடன் பொருந்திவிட்டது என்று நினைக்கிறது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியாது.

இடையில் போடுகிற அடப்ரர் வளையங்களைப் பற்றியும் ஒரு பயம் இருக்கு, ஏதோ கள்ளவழி மாதிரி. 1954இல் லைக்கா எம்3 புதிய பூட்டு மௌண்டோடு வந்தபோது, பழைய திருகு லென்ஸ்களை அதில் மாட்டுவதற்கான வளையத்தை லைற்ஸ் கம்பனியே செய்து விற்றது. புதிய மௌண்டின் தூரம் 27.8 மில்லிமீற்றர். பழையது 28.8. வித்தியாசம் சரியாக ஒரு மில்லிமீற்றர். வளையத்தின் தடிப்பும் அதுவே. பழைய லென்ஸ் வைத்திருந்தவனைக் கைவிடாமல் இருக்கவே அந்த ஒரு மில்லிமீற்றரை விட்டுவைத்தார்கள். ஆனால் இது ஒருவழிப் பாதை. எம் லென்ஸைத் திருகுக் கமெராவில் மாட்டேலாது. வளையத்துக்கு இடமே இல்லை. மலிவு வளையங்களில் தடிப்பு சீராக இல்லாவிட்டால் முழு உடன்படிக்கையும் குலையும். அத்தோடு சாளரத்தில் எந்தச் சட்டம் தெரியவேணும் என்பதையும் அந்த வளையம்தான் கமெராவுக்குச் சொல்லுது. 35க்கு ஒரு வளையம், 50க்கு ஒன்று, 90க்கு ஒன்று. மாறிப் போட்டால் ஒரு சட்டத்தைப் பார்த்து வேறொரு படத்தை எடுப்பீர்கள்.

கொன்டாக்ஸ் லென்ஸை லைக்காவில் போடுவது இன்னும் பாரமான வேலை. கொன்டாக்ஸில் 50 மில்லிமீற்றர் லென்ஸுக்குத் தானாக முன்பின் நகரும் திருகே கிடையாது. அது கமெராவின் உடலுக்குள் இருக்கு. ஆகவே இடையில் வருகிற வளையம் தானே நகரவும் வேணும், நெம்புகோலைத் தள்ளவும் வேணும். மொழிபெயர்ப்பாளர் மாதிரி. எஸ்எல்ஆர் லென்ஸ்களை வளையத்தோடு போடலாம். மௌண்டிலிருந்து பிலிம்வரை அவற்றுக்குக் கூடிய தூரம் வேண்டும் என்பதால் வளையத்துக்கு இடம் தாராளம். ஆனால் சாதாரண வளையங்களில் நெம்புகோலைத் தள்ள ஒன்றும் இருக்காது. தூரத்தைக் கண்ணால் மதித்து வளையத்தில் வைக்க வேண்டியதுதான். அதுவும் ஒரு முறைதான்: 35 மில்லிமீற்றர் லென்ஸை எஃப்/8இல் ஐந்து மீற்றரில் வைத்தால், இரண்டரை மீற்றரிலிருந்து அடிவானம்வரை ஏறக்குறைய எல்லாம் கூர்மை.

இவ்வளவையும் சொல்லுறது ஏன்? "பழைய லென்ஸின் குணம்" என்ற பேச்சு இப்ப கூடிப்போச்சு. மங்கல் வந்தால் குணம், வெளிச்சம் கலைந்தால் குணம், கூர்மை தப்பினால் கனவு. பழைய லென்ஸ்களுக்குத் தனிக் குணம் இருக்கிறது உண்மை. ஒற்றைப் பூச்சுப் பூசிய கண்ணாடிகள் எதிர்வெளிச்சத்தில் நிழல்களை மென்மையாக்கும். சொனார் வடிவம் பின்னணியைக் கரைக்கிற விதம் வேறு. ஆனால் அளவு பிழைத்த லென்ஸின் மங்கல் குணம் இல்லை. அது திருத்தக்கூடிய பழுது. அதைக் குணம் என்று விற்கிறவர் கூடிய காசுக்கு விற்கிறார்; வாங்குகிறவர் லென்ஸை அறியாமலேயே விட்டுவிடுகிறார். ஒரு காலத்தில் மாணவர்களும் வசதி குறைந்தவர்களும் தேடிய லென்ஸ்கள், இந்தப் பேச்சாலேயே எங்கட கைக்கு எட்டாமல் போகுது.

சோதிக்கிறது கஷ்டமில்லை. ஒரு பிலிம் றோல்கூடத் தேவையில்லை. முதலில் தூரம்: ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிற கோபுரத்தையோ நீர்த்தாங்கியையோ பாருங்கள். லென்ஸ் முடிவிலியில் நிற்கும்போது சாளரத்தின் இரண்டு உருவமும் பொருந்த வேணும். எந்த லென்ஸிலும் பொருந்தாவிட்டால் கமெராவைச் சரிசெய்ய வேணும். ஒன்றில் மட்டும் என்றால் லென்ஸை. பிறகு கிட்ட: பின்மூடி திறக்கிற கமெரா என்றால், பிலிம் ஓடுகிற இடத்தில் மங்கலான ஒட்டுநாடாவை இழுத்து ஒட்டி, ஷட்டரை "பி"இல் திறந்து வையுங்கள். ஒரு மீற்றரில் அடிமட்டம் ஒன்றைச் சாய்த்து வைத்து, லென்ஸை முழுக்கத் திறந்து, நடு இலக்கத்தைச் சாளரத்தில் பொருத்துங்கள். பிறகு பின்பக்கத்தால் பூதக்கண்ணாடியோடு பார்த்தால் எந்த இலக்கம் கூர்மை என்று தெரியும். விலகினால், விசயம் தெரிந்தவர் லென்ஸுக்குள் இருக்கிற மெல்லிய உலோக வளையத்தின் தடிப்பை மாற்றிக் கிட்டத்துக்குச் சரிசெய்வார். ஜுப்பிட்டருக்கு அது முழுத் தீர்வில்லை; எந்தத் தூரத்தில் சரியாக இருக்கவேணும் என்பதை நீங்கள்தான் தெரிவுசெய்ய வேணும். முகம் எடுக்கிறவருக்கு ஒன்று, தெரு எடுக்கிறவருக்கு இன்னொன்று.

மாட்ட முதல் லென்ஸின் பின்பக்கத்தையும் ஒருக்காப் பாருங்கோ. 35 மில்லிமீற்றர் ஜுப்பிட்டர் 12 போன்றவற்றின் பின்கண்ணாடி கமெராவுக்குள் ஆழமாக இறங்கும். லைக்கா எம்5, சிஎல் போன்ற கமெராக்களில் ஒளி அளக்கிற கை உள்ளே ஆடிக்கொண்டிருக்கும். முட்டினால் இரண்டுக்கும் சேதம். எங்கட காலநிலையில் இன்னொரு எதிரி பூஞ்சணம். ஈரப்பதன் கூடிய ஊரில் பழைய லென்ஸைத் தோல்பைக்குள் போட்டு அலுமாரியில் பூட்டி வைப்பதுபோலப் பிழை வேறில்லை. காற்றுப்புகாத பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் காணும். அடிக்கடி எடுத்துப் பாவிக்கிறது அதைவிட நல்லது.

"இவ்வளவு கரைச்சல் ஏன், ஒரே கம்பனியின் லென்ஸை வாங்கினால் முடிஞ்சுதே" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் காலத்துக்கு அது விளங்காது. எழுபது வருடப் பழைய உடலில் நெம்புகோல் தேய்ந்திருக்கும். யாரோ ஒருவர் கழற்றிப் பூட்டியிருப்பார். ஒரே பெயர் என்பதால் மட்டும் அளவு ஒத்துப்போகும் என்று இல்லை. அந்தச் சோடியையும் சோதிக்கத்தான் வேணும். ஆகவே கரைச்சல் இரண்டு வழியிலும் ஒன்றுதான், செலவுதான் வேறு. அந்தச் செலவு வித்தியாசத்தில்தான் யார் படம் எடுக்கலாம், யார் பார்த்துக்கொண்டு நிற்கலாம் என்பது தீர்மானமாகுது.

இது பழைய சாமான்களோடு முடிகிற கதையும் இல்லை. மௌண்ட் யாருக்குச் சொந்தம் என்ற சண்டை இன்றைக்கும் நடக்குது. 2011இல் சொனி தன் ஈ மௌண்டின் அடிப்படை அளவுகளைக் கட்டணமில்லாமல் பிற கம்பனிகளுக்குக் கொடுக்க முன்வந்தது. கெனன் 2018இல் ஆர்எஃப் மௌண்டைக் கொண்டுவந்தது. 2022இல் காப்புரிமையைக் காட்டிக் கெனன் எதிர்த்த பிறகு, வில்ற்றொக்ஸ் கம்பனி அந்த மௌண்டுக்கான தன் ஓட்டோபோக்கஸ் லென்ஸ்களின் விற்பனையை நிறுத்தியது. 2024இல் சிக்மாவுக்கும் டாம்ரனுக்கும் உரிமம் கிடைத்தது. முதலில் அறிவித்தவை சிறிய சென்சர் கமெராக்களுக்கான லென்ஸ்கள். தன் கண்டுபிடிப்பைக் காப்பாற்ற ஒரு கம்பனிக்கு உரிமை இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் முதல் கமெராவையே வேறொருவரின் லென்ஸோடு விற்றுத் தொடங்கிய கம்பனி அது என்பதை ஞாபகப்படுத்துவதில் பிழையில்லை.

39 மில்லிமீற்றர் திருகு என்னவானது என்று பாருங்கள். 1999இல், அந்தத் திருகு பிறந்து எழுபது வருடம் ஆகப்போகிற நேரத்தில், யப்பானின் கொசினா கம்பனி வொய்க்லண்டர் என்ற பெயரில் அதே திருகோடு புதுக் கமெராவும், 15 மில்லிமீற்றர் ஹேலியார் லென்ஸும் கொண்டுவந்தது. லைக்காவே கைவிட்ட மௌண்டுக்குப் புது லென்ஸ்! அளவு எல்லாருக்கும் தெரிந்திருந்ததால்தான் அது முடிந்தது. பூட்டி வைத்த மௌண்டுகள் அவற்றின் கம்பனி கைவிட்ட நாளோடு செத்துப் போகும். திறந்து கிடக்கிற மௌண்டைக் கம்பனியே நினைத்தாலும் கொல்லேலாது.

ஆகவே நாங்கள் கேட்பது இரண்டு. கமெராக் கம்பனிகளிடம்: மௌண்டின் அளவுகளை வெளியிடுங்கள், குறைந்தது நீங்கள் கைவிட்ட மௌண்டுகளின் அளவுகளையாவது. எங்கட வயதுப் பொடியள் பெட்டையளிடம்: கலப்பு லென்ஸோடு ஒருவரைக் கண்டால் இரக்கப்படாதீங்கோ, கனவு என்று புகழவும் வேண்டாம். "ஒரு மீற்றரில சோதிச்சுப் பாத்தனீங்களோ?" என்று கேளுங்கோ. இல்லை என்றால் ஒரு அடிமட்டமும் ஒட்டுநாடாவும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருங்கோ. பின்னேரம் ஒன்றில் முடிகிற வேலை.